பதினேழு மாடுகளும் உன் எட்டு மணி நேரமும்

என் அருமைப் பாண்டிக்கு,

ஆவணி மூன்று, காலை ஏழு நாற்பது. மாடுகள் பதினேழு. பதினேழும் ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நின்று என்னையே பார்க்கின்றன.

மயிலாடும்பாறைப் பக்கம் நாம் செய்த சேவைப் பாடம்தான். ஆளுக்கு முப்பது மணி நேரம் ஊருக்கு உழைக்க வேண்டும். ஊர்க்காரர் கையெழுத்துப் போட்டால்தான் கல்லூரியில் மதிப்பெண். தொட்டி தினமும் நிரம்பி வழிகிறதே என்று நான் மேலே ஏறி, நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் சென்சார் மாட்டினேன். நீ வேப்பமரத்தடியில் பெண்களோடு கதையடித்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் மணிக்கணக்கை நான் எழுதிவந்த குறிப்பேட்டில் உன் எட்டு மணி நேரத்தை அடித்து, பக்கத்தில் ‘வெட்டிப் பேச்சு’ என்று எழுதினேன். அடுத்த வாரம் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போனாய். ஐந்தாம் நாள் நீ இல்லை என்ற செய்திதான் வந்தது.

இப்போது உன் கணக்கில் இருபத்திரண்டு மணி நேரம்தான். உனக்குச் சான்றிதழ் கிடையாதாம். உன் அம்மா அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

சென்சார் பிரமாதம். ஒரு சொட்டு வழியவில்லை. மேய்ச்சலுக்குப் போகிற மாடுகள் அந்த வழிந்த தண்ணீரைத்தான் குடித்துவந்தன என்பதும், இப்போது பெண்கள் குடத்தில் சுமந்து ஊற்றுகிறார்கள் என்பதும் நேற்றுத்தான் தெரிந்தது. கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். மகளிர் குழுத் தலைவி முத்தம்மாள் சாவகாசமாக ஆரம்பித்தார்.

“ஒங்க வாத்தியாரு வந்தாக, கை தட்டுனாக, போட்டோ எடுத்தாக, போயிட்டாக. மாடு எங்கன குடிக்கும்னு பாண்டிப் பய மட்டுந்தான் கேட்டான். படங்கூடப் போட்டான்.”

அறையில் நீ விட்டுப்போன நோட்டைத் திறந்தேன். மேலிருந்து ஒரு குழாய், கீழே சிமெண்ட் தொட்டி, பக்கத்தில் மாடு. மாடா அது? நாற்காலிக்குக் கொம்பு முளைத்த மாதிரி இருக்கிறது. இதை ஏன்டா என்னிடம் சொல்லவில்லை?

சொன்னாய். நான் ஸ்பேனர் கேட்டேன்.

“அவனுக்கு எட்டு மணி நேரந்தானே? இந்தா” என்று உன் வரிசையில் கையெழுத்துப் போட்டார் முத்தம்மாள். என் வரிசைக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டார்.

“ஏலே, ஒனக்கு அதுக குடிச்ச பெறகு.”

ஆகவே, செய்யப்போவது:

1. நீ வரைந்த இடத்திலேயே குழாய் இறங்கும். சிமெண்ட் காயும்வரை குடம் என் தலையில்.
2. ‘வெட்டிப் பேச்சு’ என்பதை அடித்து ‘கள ஆய்வு’ என்று எழுதுவேன். தவறு என்னுடையது என்று கீழே கையெழுத்தும் போடுவேன்.
3. வேப்பமரத்தடியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுவேன். பத்து நிமிடம் தாங்கினாலே பெரிது.
4. உன் சான்றிதழை உன் அம்மா கையில் நானே கொடுப்பேன். அடித்தவன் நான்தான் என்பதையும் சொல்வேன்.

இப்படிக்கு,
இன்னும் கையெழுத்துக் கிடைக்காத உன் பங்காளி,
கார்த்தி