இருபது நிமிடம் முந்திய கம்ப்யூட்டர்

மாப்ள,

உன் கீபோர்டில் இன்னும் ஏலக்காய் வாசம் அடிக்கிறது. தூசி தட்டப் போனவன் துணியைக் கீழே வைத்துவிட்டேன். தோட்டத்து ஆட்களை இறக்கிவிட்டு வந்த கையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாய். கையைக் கழுவு என்றால், "கழுவுனா வெரலு வழுக்கும்டா, லாரி கவுந்துரும்" என்பாய். பகலெல்லாம் குமுளி மலையில் ஜீப் ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து ஆன்லைன் கேமில் லாரி ஓட்டியவன் நீ ஒருவன்தான். தேவாரத்தில் என் உரக்கடையில் நானும், கூடலூரில் நீயும் இருந்தபடியே, அந்தத் திரைக்குள் முன்னும் பின்னுமாக எவ்வளவு தூரம் போயிருப்போம்!

இன்று காலையில் உன் மனைவி முருகேஸ்வரி போன் செய்தாள்.

"அண்ணே, அவுக போனுக்கு அந்த லாரி கேம்ல இருந்து மெயில் வந்துருக்கு. ஒரு வருசமாத் தொறக்கலையாம். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள தொறக்கலேன்னா எல்லாத்தையும் அழிச்சுருவாகளாம். போனாப் போகுதுன்னு விட்ரவா?"

"விட்றாத தாயி, நான் வாரேன்" என்று கடையைச் சாத்தினேன். உன் லாரியில் அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. "அவகிட்டச் சொல்லிராத, ஊர் பூராம் சொல்லிச் சிரிப்பா" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாய். நான் சொல்லவில்லை. ஆனால் அவள் ஒருமுறைகூடப் பார்க்காமல் அது அழிந்துபோனால் என் மனசு ஆறாது. பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் கம்பம் வரை நின்றுகொண்டே வந்தேன்.

முதலில் கேமே திறக்கவில்லை. ஐகானை அமுக்கினால் வட்டம் சுற்றும், அப்புறம் ஒன்றுமே நடக்காது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அதே கதைதான். கடைசியில் ஆன்டிவைரஸ் ஒரு ஃபைலைப் பிடித்துத் தனியே அடைத்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்து விடுவித்தேன். புது அப்டேட் இறங்க ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் நான் வாசலுக்கும் அறைக்கும் நடந்த நடைக்கு மலையடிவாரத்து லோயர் கேம்ப்புக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

திறந்த பிறகு லாகின் தகராறு. பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். ஓடிபி உன் போனுக்கு வந்தது. அந்தப் போனுக்கு அவள் இன்னும் தினமும் சார்ஜ் போடுகிறாள். ஓடிபியைப் போட்டவுடனே 'காலாவதியாகிவிட்டது' என்றது திரை. மறுபடி போட்டேன். மறுபடியும் காலாவதி. நெட்டை மாற்றினேன், எல்லாம் செய்தேன். உன் மேல் கோபம் கோபமாக வந்தது. இதையெல்லாம் யாரிடம் விட்டுவிட்டுப் போனாய்?

முருகேஸ்வரி திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் காப்பியை வைத்தாள். "குடிங்கண்ணே. மணி அஞ்சே முக்காலாயிருச்சு."

என் போனைப் பார்த்தேன். ஐந்து இருபத்தைந்துதான்.

தலையில் அடித்துக்கொண்டேன். மாப்ள, இதே தகராறுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கேமை அழித்து அழித்து ஏற்றினோமே! ஜீப்புக்குப் பிந்தக் கூடாதென்று வீட்டிலுள்ள எல்லாக் கடிகாரத்தோடு கம்ப்யூட்டரையும் இருபது நிமிடம் கூட்டி வைத்திருந்தாய். கேமோ தன் மணியும் கம்ப்யூட்டர் மணியும் ஒத்துப்போகாவிட்டால் கதவைத் திறக்காது. "ஏலே, மணியக் குத்தம் சொல்லாத. அங்கன முக்குல பொம்பளையாளுக கால்கடுக்க நிப்பாக. அவுகளுக்கு இதான் சரியான மணி" என்றாய். அதன்பிறகு லாகின் செய்யும்போது மட்டும் மணியைக் குறைத்து, உடனே கூட்டிவிடுவாய்.

நான் மணியைக் குறைக்கப் போனேன். முருகேஸ்வரி என் கையைத் தடுத்தாள்.

"அவுக வச்ச மணிண்ணே அது. வீட்டுல எதையும் நான் மாத்தல."

எனக்கும் கை ஓடவில்லை. என் போனில் ஐந்தே முக்கால் ஆனது, ஐம்பதானது. ஐம்பத்து மூன்றில் அவளே சொன்னாள்: "மாத்துங்க. உள்ள போனதும் திரும்பக் கூட்டி வச்சுரணும்."

குறைத்தேன். உள்ளே விட்டது.

ஷெட்டில் உன் லாரி நின்றது. நிஜ ஜீப்பின் நெற்றியில் குலசாமி பேரைப் போட்டுத் 'துணை' என்று எழுதியிருந்தாயே, அதே இடத்தில், அதே மஞ்சள் எழுத்தில்: 'முருகேஸ்வரி துணை.'

இந்தக் கம்ப்யூட்டரைச் சக்களத்தி என்று திட்டியவள் அதை இரண்டு தடவை வாய்விட்டு வாசித்தாள். முதலில் சிரித்தாள். "சாமி பேரு போடுற எடத்துலயாண்ணே என் பேரப் போட்டுருக்காக?" என்றாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வாசலுக்குப் போய் நின்றேன்.

மாப்ள, நான் எப்போதும் பிந்துகிறவன். உனக்கு நெஞ்சுவலி என்று கேட்டு ஓடி வந்தபோதும் ஆஸ்பத்திரிக்குப் பிந்தித்தான் வந்தேன். இந்த ஒரு வருடமாக அதை நினைக்காமல் நான் படுத்ததில்லை.

தேவாரம் திரும்பும் வழியில்தான் உன் மணியைத் திரும்பக் கூட்டி வைக்க மறந்தது உறைத்தது. பதறிப்போய் அவளுக்குப் போன் போட்டேன்.

"அப்பவே வச்சுட்டேண்ணே, இருபது நிமிசம்" என்றாள். "இனி வாரத்துக்கு ஒருக்கா நானே தொறந்து பாத்துக்கிறேன்."

போனை வைத்துவிட்டு என் கைக்கடிகாரத்தைக் கழற்றி, முள்ளை இருபது நிமிடம் முன்னால் தள்ளினேன். இனி எங்கே போனாலும் முன்னாடியே வந்து நிற்பேன், மாப்ள. யாரும் எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.