மூன்று கயிறுகளில் ஒரு சீட்டு

அன்புள்ள என் வால் பெண்ணுக்கு,

நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். நீயும் சுகம் என்பதை ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா உன்னோடு பேசி முடித்தபின் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். இரண்டு வருடமாக அவர் போனை வைக்கும்வரை பக்கத்து அறையில் துணி மடிப்பேன், மடித்ததையே பிரித்துத் திரும்ப மடிப்பேன், அவரும் தெரியாத மாதிரி சத்தமாகவே பேசுவார். அப்பா கையெழுத்து இருக்கும் உறையை நீ பிரிக்காமல் விடமாட்டாய், என் கையெழுத்து என்றால் என்ன செய்வாயோ தெரியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

வீட்டில் வேறொன்றும் விசேஷமில்லை. அப்பா பணிமனையில் கடைசி வருடம், முழங்கால் வலியோடு இன்னும் பஸ்ஸுக்கு அடியில் படுத்துதான் வேலை பார்க்கிறார், சொன்னால் கேட்பதில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, ஊர் வண்டியெல்லாம் சரிபண்ணுகிற மனிதருக்கு வீட்டுக் குழாய்க்கு நேரமில்லை. உன் சித்தி போன வாரம் வந்து உன்னைப் பற்றிக் கேட்டாள். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். அந்தப் பதிலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், குழாயைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் பார்.

பள்ளியில் கடைசி வருடப் பிள்ளைகளுக்கு வரலாற்றுத் தேர்வுக் கையேடு ஒன்று எழுதித் தரும்படி தலைமையாசிரியை கேட்டிருந்தார். புரட்சிகள், போர்கள், மதமாற்றங்கள், இவை ஏன் நடந்தன என்று. உனக்குத்தான் என் முறை தெரியுமே, சாப்பாட்டு அறையில் குறுக்கே மூன்று கயிறு கட்டி, ஒவ்வொரு காரணத்தையும் ஒரு சீட்டில் எழுதித் துணிக் கிளிப்பில் மாட்டினேன். முதல் கயிற்றில் பல வருடமாக ஊறிய காரணங்கள், இரண்டாவதில் சமீபத்தியவை, மூன்றாவதில் பற்றவைத்த பொறி. புரட்சிக்கும் போருக்கும் கீழே உட்கார்ந்து சாப்பிட்டால் எப்படி ஜீரணமாகும் என்று அப்பா குனிந்து குனிந்து போய்வந்தார். இளவரசரை ஒருவன் சுட்டான், அதனால் உலகப்போர் வந்தது என்று எழுதினால் நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். தீக்குச்சி மட்டும் எரித்துவிடாது, வைக்கோல் காய்ந்திருக்க வேண்டும், காய்ந்தது ஏன் என்று எழுது என்று முப்பது வருடமாகக் கத்துகிறேன். முதுகுக்குப் பின்னால் என் பெயர் ‘ஏன் டீச்சர்’ என்பதும் தெரியும்.

புரட்சியும் போரும் முடிந்து, அந்தச் சீட்டுகளைக் கழற்றிவிட்டேன். மதமாற்றத்துக்கு வந்ததும் கை ஓடவில்லை. ஒரு வாரம் மூன்று கயிறும் வெறுமனே தொங்கின. செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது அப்பா மெதுவாக, நம்ம பொண்ணு விஷயத்துக்கு இப்படிக் கயிறு கட்டிப் பார்த்தாயா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கை கழுவாமல் எழுந்து, ஒரு சீட்டில் ‘விடுதி அறைத்தோழி’ என்று எழுதி மூன்றாவது கயிற்றில் மாட்டினேன். சித்தியிடமும் ஊராரிடமும் நான் சொல்வது அதுதானே, கூட இருந்தவள் மனதைக் கலைத்துவிட்டாள், இல்லாவிட்டால் என் பெண் நம் வழியை விட்டு இன்னொரு நம்பிக்கைக்குப் போயிருக்கமாட்டாள் என்று. அப்பா சீட்டையும் காலியாக இருந்த மற்ற இரண்டு கயிற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஒண்ணுதானே தொங்குது. நீயே பாதி மார்க்தான் போடுவே.”

ஊருக்குத்தான் உபதேசம் என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை. மூன்று நாள் முதல் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் பகல் நினைவுக்கு வந்தது. உனக்குப் பத்தொன்பது வயது. உன்னோடு படித்த பாட்டுக்காரி விபத்தில் போய்ச் சேர்ந்த மறுநாள், நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், நீ சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று கேட்டாய்: “அவ இப்போ எங்கம்மா இருப்பா?” நான் என்ன செய்தேன் தெரியுமா, உனக்குத் தெரியாமலா இருக்கும், பேனாவைக்கூட மூடாமல், மரணத்துக்குப் பிறகு என்ன என்பதற்கு எந்த மதம் எந்த நூற்றாண்டில் என்ன சொன்னது என்று வரிசையாகச் சொன்னேன். அழுதுகொண்டு கேட்ட பிள்ளைக்குப் பத்து மதிப்பெண் பதில். கிட்டப் போய் உட்கார் என்று அப்பா ஜாடை காட்டினார், இருங்கள், கேள்வி கேட்டிருக்கிறாள் என்றேன். நீ முழுவதும் கேட்டுவிட்டு, சரிம்மா என்று போய்விட்டாய். அதன்பிறகு என்னிடம் அப்படி ஒரு கேள்வி நீ கேட்கவேயில்லை. நீ விடுதிக்குத் திரும்பிய அந்த நாட்களில் அறைத்தோழியின் வீட்டார் வந்து, ஒன்றும் பேசாமல் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்று அப்பா இப்போதுதான் சொன்னார். நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது.

இதை ஒரு சீட்டில் எழுதினேன், மாட்டவில்லை. இதுதான் காரணம் என்று நானே தீர்மானித்தால் அதுவும் பழைய கதைதான். காரணம் தேடுவதே தப்பாகுமோ என்றும் குழப்பமாக இருக்கிறது. நம் வழியிலேயே இருந்துவிட்டவர்களை ஏன் இருந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லையே. உன் நம்பிக்கையை நான் ஏற்றுக்கொண்டேன் என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை, இன்னும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் ஒன்று புரிந்தது. செத்துப்போனவர்களைக் கேட்க முடியாது என்பதால்தான் எங்களைப் போன்றவர்கள் பழைய காகிதங்களில் காரணம் தேடுகிறோம். நீ உயிரோடு இருக்கிறாய். இரண்டு வருடமாக எல்லோரிடமும் பதில் சொன்னேனே தவிர, ஏன் என்று உன்னிடம் ஒருமுறை கேட்கவில்லை.

இந்த மாதக் கடைசிக்குள், தூரத்தில் நீ வேலை பார்க்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் இன்னும் ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தக் கையெழுத்துப் போடப்போகிறாயாமே. போடாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. வீடு வேண்டாமென்று போடுகிறாயா, வேலை பிடித்துப் போடுகிறாயா என்று மட்டும் தெரிந்தால் போதும். போடுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனை அம்மாவிடம் கொடு என்று அப்பாவிடம் சொல். நான் கேட்பேன். குறுக்கே பேசமாட்டேன், நூற்றாண்டு எதுவும் சொல்லமாட்டேன்.

நின்றுகொண்டே சாப்பிடாதே, ராத்திரி வேலை முடிந்து தனியாக நடந்து வராதே. எந்தக் கூரையின் கீழ் கும்பிட்டாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், அது என் ஆசீர்வாதம். உன் காரணங்களை நீயே எழுத, இதோடு எழுதாத சீட்டு பத்து வைத்திருக்கிறேன், போதாவிட்டால் நீ வெட்டிக்கொள். அறைத்தோழியின் சீட்டைக் கழற்றிவிட்டேன். கையேட்டு வேலைதான் ஒருவழியாக முடிந்ததே, கயிற்றை அவிழ்த்துவிடவா என்று நேற்று கேட்டேன், வேண்டாம், இருக்கட்டும் என்று அந்த முழங்காலோடு குனிந்து போனார் அப்பா.

உன்னிடம் கேட்க மறந்த,
அம்மா