அலை கொண்டுபோன பெட்டி

ஹவுகெட்டோ, ஒஸ்லோ

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நீங்கள் பிரஷர் குளிசையைத் தவறாமல் போடுகிறீர்களா? நான் சுகம்.

போன கிழமைதான் ஆய்வுக்காகப் போயிருந்த எரிமலைத் தீவிலிருந்து திரும்பினேன். அங்கே எரிமலைக் குழம்பு இறுகிய பாறைகளுக்கு நடுவே, பல இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. பன்னிரண்டு நாட்களாக நாங்கள் சேர்த்தவற்றை, கடைசி நாளில் ஓர் அலை பெட்டியோடு கொண்டுபோய்விட்டது. என்னையும் கொஞ்சம் இழுத்தது; பாறையில் உரசிக் கை கிழிந்தது. பேராசிரியர் இங்கிரிட் என் ஜக்கெற்றைப் பிடித்து மேலே தூக்கிவிட்டார். அவ்வளவுதான்.

எனக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. திரும்பிவந்த மறுநாளே ஆய்வுகூடத்தில் உட்கார்ந்து, முந்தைய பயணத்தில் கொண்டுவந்த சிப்பிகளைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னோடு படிக்கும் ஜெனிதா வந்து பார்த்தாள்.

“உன்ரை கைக்காயம் திறந்து ரத்தம் வருது. தெரியேல்லையே?”

“இல்லை.”

“வீட்டை சொன்னனியே?”

“எழுதுறன்.”

அவள்தான் கட்டுப் போட்டுவிட்டாள். காயம் ஆறிவருகிறது. அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

யாராவது இங்கே வந்தால் கறித்தூள் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை சமைக்கும்போது எனக்கு அழைத்துவிட்டுப் போனைக் குசினியிலேயே வைத்துவிடுங்கள். என்னோடு கதைக்க வேண்டியதில்லை. நீங்கள் தாளிக்கிறதும் அப்பாவை ஏசுகிறதும் கேட்டால் போதும்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நான் ஒன்றும் பேசாமல் இருந்தாலும் அழைப்பை வெட்டிவிடாதீர்கள், அம்மா.

உங்கள் மகள்,
கம்சாயினி