இனியாவின் முன்பற்கள்

நவம்பர் 4, செவ்வாய்

விடாத தூறல். என் செல்போன் சர்வீஸ் கடைக்கு லீவு. இனியாவைத் தூக்கிக்கொண்டு கவிதாவும் நானும் சிதம்பரம், பல் டாக்டரிடம். புதுச்சத்திரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம்.

போன வாரம் முறுக்கைக் கடித்துவிட்டு அழுதாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தால், மேல் முன்பற்கள் நான்கிலும் ஈறோரம் பழுப்பு. ஒன்று பாதி கரைந்தே போயிருந்தது. வயது மூன்றரைதான்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: “தூங்கும்போது பாட்டில் குடுக்குறீங்களா?”

கவிதா என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்க கவிதா விடியுமுன் கிளம்பியாக வேண்டும். கிளம்பும்போது தூங்குகிற பிள்ளை வாயில் சர்க்கரை போட்ட பால் பாட்டில். சப்பிக்கொண்டே கிடப்பாள், அம்மா போனது தெரியாது. ஒரு வயதிலிருந்து இதுதான் ஏற்பாடு. எங்களுக்குள் இதில் பெருமை வேறு.

“தூக்கத்துல எச்சில் சரியா ஊறாதுங்க. இனிப்புப் பால் பல்லு மேலயே தங்கிடும். அதான் அரிச்சிருக்கு.”

“பால் பல்லுதான மேடம், எப்படியும் வுழுந்துடும்ல?” - கவிதா.

“அதுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கும்மா. அதுவரைக்கும் வலிக்குமே. சீழ் வெச்சா உள்ள வளர்ற பல்லுக்கும் கெடுதல்.”

மூன்று பற்களை அடைக்கலாமாம். பாதி கரைந்தது சந்தேகம். “பாட்டில் நிக்காம நான் எதை அடைச்சாலும் நிக்காது. நிறுத்திட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. இப்படியே போனா நாலையும் எடுக்கற மாதிரி ஆயிடும்.”

திரும்பும்போது கவிதா இனியாவின் உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆலப்பாக்கம் தாண்டி, “நான்தான வாயில வெச்சேன்” என்றாள். சர்க்கரை போட்டது நான். அதைச் சொன்னேன். கொஞ்சம் சமாதானம் ஆனாள் போல.

நவம்பர் 5, புதன்

டாக்டர் சொன்னவை, மறப்பதற்குள்:

- சர்க்கரை கட்.
- பாலில் தினம் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் வெறும் தண்ணீர்.
- காலை, இரவு நாம்தான் தேய்த்துவிட வேண்டும். பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. (நான் செய்தது அதேதான்.)
- பேஸ்ட் பட்டாணி அளவு. விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் முழுக்க இல்லை.
- மாதம் ஒரு முறை உதட்டைத் தூக்கிப் பார்.

தேய்க்கிற முறையும் காட்டினார். இருவரும் முட்டியோடு முட்டி இடிக்க எதிரெதிரே உட்கார வேண்டும். பிள்ளையின் தலை என் மடியில், கால் கவிதா மடியில். க.வும் நானும் இவ்வளவு கிட்டத்தில் முகம் பார்த்து உட்கார்ந்து எத்தனை நாளாச்சு. சிரிப்பு வந்துவிட்டது இருவருக்கும்.

இனியா வாயைத் திறந்தால்தானே. க. ஏலக்குரல் எடுத்தாள். “இந்தப் பல்லு எவ்ளோ? வஞ்சரம் மாதிரி இருக்கு, யாரு கேக்குறது? ஒரு தரம், ரெண்டு தரம்...” அடுத்த பல் ஏலம் போக வேண்டும் என்பதற்காகவே வாய் திறந்தது. பத்து வருடம் ஏலத்தில் நின்றது வீண்போகவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

சொதப்பல். க. ராத்திரியே பாலில் தண்ணீர் கலந்து வைத்திருக்கிறாள். தெரியாமல் நானும் கலந்துவிட்டேன். பாட்டில் பறந்து வந்து அலமாரியில் மோதியது. “இது பால் இல்ல. மழ.” - இனியா.

மாலை மச்சான் பிரபு வந்தான். “பால் பல்லுக்கா மாமா இவ்ளோ அலம்பல்?” கேட்டதுதான் தாமதம், டாக்டர் சொன்னது மொத்தத்தையும் அவனிடம் இறக்கினேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

நவம்பர் 9, ஞாயிறு

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியாச்சு. போட் எதுவும் போகவில்லை. ஏலம் இல்லை, க. வீட்டில்.

விடியலில் இனியா கையால் துழாவினாள். கையில் அம்மா கன்னம் பட்டது. அப்படியே தூங்கிவிட்டாள். பாட்டிலைக் கேட்கவே இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

இன்றும் கேட்கவில்லை. ஜெயித்துவிட்டோம். பாட்டிலைப் பரணில் போட்டேன். மழை ஜாஸ்தி.

நவம்பர் 13, வியாழன்

கூண்டு இறக்கியாச்சு. க. இருட்டோடு ஏலத்துக்கு.

கொஞ்ச நேரத்தில் இனியா துழாவினாள். பாய்தான் இருந்தது. அப்புறம் அழுகை. கதை, தண்ணீர், தோளில் போட்டு நடை, எதுவும் எடுபடவில்லை. “பாட்டிலு தா, இல்லன்னா அம்மாவத் தா.” பரண் வரை என் கை போய்த் திரும்பியது. அழுது ஓய்ந்துதான் தூங்கினாள். நான் அப்புறம் தூங்கவில்லை.

க. போனில்: “அழுதாளா?” இல்லை என்றேன். வந்து பிள்ளையின் வீங்கிய கண்ணைப் பார்த்ததும் என் பொய் தெரிந்துவிட்டது.

“எழுப்பிச் சொல்லிட்டுப் போயேன்” என்றேன்.

“சொன்னா அழுவா. அழுதா என்னால போவ முடியாது. அதுக்குத்தான அந்தப் பாட்டிலே.”

டாக்டரிடம் போகும் வரை ஏலம் வேண்டாம் என்று அவளே முடிவு செய்தாள். அவளிடம் மீன் வாங்கும் பண்ருட்டி வாடிக்கைக்காரர்களுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

நவம்பர் 18, செவ்வாய்

சிதம்பரம். வெயில்.

“பாட்டில் போச்சா?” டாக்டர் கேட்டார். நான் ஆமாம் என்பதற்குள் க. முந்திக்கொண்டாள். “நான் வேலைக்குப் போவல மேடம், அதால கேக்கல. நாளைக்குப் போவணும். பயமா இருக்கு.”

“சொல்லிட்டுப் போங்கம்மா. அழட்டும். பல்வலிக்கு அழறதுக்கு அது தேவலாம்.”

இனியா நாற்காலியில் வாயை இறுக மூடிக்கொண்டாள். அவ்வளவு பேர் நடுவில் க. கூச்சத்தோடு, கம்மிய குரலில், “ஒரு தரம்...” என்றாள். வாய் திறந்தது. அங்கிருந்த நர்ஸ் மாஸ்க்குக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

மூன்று பற்களை அடைத்தாச்சு. பாதி கரைந்ததைக் காப்பாற்ற முடியவில்லை. எடுத்துவிட்டார்கள். ஊசிக்குக் கத்தினாள், அப்புறம் இல்லை. வெளியே வந்து க.தான் தூணோரம் நின்று அழுதாள். இனியா பஞ்சைக் கடித்துக்கொண்டு அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி.

மிச்சம் இருக்கிற மூன்றும் நாளையைப் பொறுத்துத்தான்.

நவம்பர் 19, புதன்

இருட்டு. நானும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். க. புடவையைச் செருகிக்கொண்டு, பாயோரம் குனிந்து, பிள்ளையின் தலையைத் தடவினாள்.

“இனியா. அம்மா ஏலத்துக்குப் போறேன்டி.”

கண்ணைத் திறந்தாள்.

“தெரியும்” என்றாள். “செருப்பக் கையில தூக்கிக்கிட்டுப் போவாதம்மா. கல்லு குத்தும். போட்டுக்கிட்டுப் போ.”

திரும்பிப் படுத்துவிட்டாள்.

செருப்புச் சத்தத்தில் பிள்ளை விழித்துவிடுவாள் என்று க. தினமும் தெருமுனை வரை வெறுங்காலோடு போயிருக்கிறாள். எனக்கே இன்றுதான் தெரியும்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டாள். முனை திரும்பும் வரை அதன் சத்தம் கேட்டது.