கிடைக்காத இடுப்புப்பட்டி

நவம்பர் 11, செவ்வாய்

மகளின் பள்ளிக் கட்டுரைக்காக இன்று இருவரும் நகர அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஓநாயாக மாறிப் பிள்ளைகளைத் தின்றான் என்று நானூறு வருடங்களுக்கு முன் எரிக்கப்பட்ட ஒரு குடியானவனின் வாக்குமூலம் அங்கே இருக்கிறது. சாத்தான் கொடுத்த இடுப்புப்பட்டியைக் கட்டினால் ஓநாயாகிவிடுவேன் என்று அவனே ஒப்புக்கொண்டானாம். பட்டியை எறிந்ததாகச் சொன்ன இடத்தில் தேடியிருக்கிறார்கள். கிடைக்கவில்லை. சாத்தான் திரும்ப எடுத்துக்கொண்டான் என்று எழுதிவிட்டார்கள்.

"அவனுக்கு விசரா அப்பா? செய்யாததை ஏன் செய்தனான் எண்டு சொன்னவன்?"

"அடிச்சால் சொல்லுவினம்."

"நீங்களெண்டாலும் சொல்லியிருப்பீங்களோ?"

"பசிக்குது, வா போவம்" என்றேன்.

இந்த நாட்டுக்கு வருமுன், போர்க்காலத்தில் ஊரில் இராணுவத்தினர் என்னைப் பிடித்து ஆயுதம் கேட்டு அடித்தபோது, இல்லாத ஒரு துவக்கை ஒளித்து வைத்திருப்பதாக ஒப்புக்கொண்டேன். எங்கே என்றார்கள். வாயில் வந்தது, என் சிநேகிதன் ரவி வீட்டுக் கிணறு. இறைத்துப் பார்த்தார்கள். துவக்கு இல்லை. ரவியைக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவேயில்லை.

சற்றுமுன் மகள் கட்டுரையை வாசித்துக் காட்டினாள். அந்த மனிதன் ஒரு பிழையும் செய்யவில்லை என்று முடித்திருக்கிறாள். அவன் வேறு யாருடைய பெயரையாவது சொன்னானா என்று அவள் தேடவில்லை.