இது அந்த வியாதி இல்லை, அப்பா

என் சண்டைக்கார அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். அங்கே உங்களிடம் வாய் கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

முதலில் செய்தி. வரும் செவ்வாய்க்கிழமை எனக்குக் கழுத்தில் ஆபரேஷன். பதறாதீர்கள், நானே போராடி வாங்கிய ஆபரேஷன் இது.

நீங்கள் போன பிறகுதான் ஆரம்பித்தது. வலது கை விரல்கள் மரத்துப்போயின. கீபோர்டில் எழுத்து தப்பியது, பிறகு டம்ளர் நழுவியது. பெருமூளை வாதத்தோடு பிறந்த எனக்கு உருப்படியாக இருந்தது அந்த ஒரு கைதான். ஆபீஸ் வேலை பார்ப்பதும் அது, சக்கர நாற்காலியை ஓட்டுவதும் அது, மூக்கைச் சொறிவதும் அது. அதுவும் போனால் நான் என்ன செய்வேன்?

கோமதி அக்காவிடம் சொன்னேன். "பொறந்ததுலேருந்து உள்ளதுதானல, வயசாவுதுல்லா" என்றாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? நீங்களே என்னை மீசை நரைக்கும் வரை குழந்தைகள் டாக்டரிடம்தானே கூட்டிப்போனீர்கள்! அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். வளர்ந்த பெருமூளை வாதக்காரனை யார் பார்ப்பார்கள் என்று இந்த டெல்லி ஆர்.கே.புரம் முழுக்க விசாரித்தும் தெரியவில்லை. கடைசியில் ஒரு நரம்பு டாக்டர் கிடைத்தார். என்னைத் தொடக்கூட இல்லை. இவருக்கு எப்போதும் இப்படித்தானே என்று அக்காவிடம் கேட்டுவிட்டுச் சத்து மாத்திரை எழுதினார். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

அன்று ராத்திரி உங்கள் வசனம் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும், காபி ஆறும்வரை சொல்வீர்களே: "பொறக்கும்போது மூளையில பட்ட அடி. கூடவும் செய்யாது, கொறையவும் செய்யாது." கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துப்போன பேச்சு. ஆனால் அது கூடாத வியாதி என்றால், இப்போது கூடிக்கொண்டே போவது எது?

இதை அக்காவிடம் கேட்டேன். மறு வாரமே வேறு நரம்பியல் டாக்டரைப் பிடித்துவிட்டாள், ஒரு சின்ன வயதுப் பெண். அவரும் வழக்கம்போல அக்காவைப் பார்த்துத்தான் ஹிந்தியில் கேட்டார். என் குழறலை வாழ்நாளெல்லாம் மொழிபெயர்த்தவள் அக்கா. அவள் சொன்னாள்: "இன்ஸே பூச்சியே, மேடம்." இவரிடமே கேளுங்கள் என்று.

சொன்னேன். எச்சில் வழிந்தது, வார்த்தை சிக்கியது, டாக்டர் காத்திருந்தார். விரல் விரலாகத் தொட்டுப் பார்த்து ஸ்கேனுக்கு அனுப்பினார். என் தலை தானாக வெட்டி வெட்டித் திரும்புமே, அதில் வருஷக்கணக்காகக் கழுத்தெலும்பு தேய்ந்து தண்டுவடத்தை அழுத்துகிறதாம். போன பலம் முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது, இனிமேல் போவதைத் தடுக்கலாம் என்றார். நிறுத்திக் கொடுங்கள், மிச்சத்தை வைத்து நான் பிழைத்துக்கொள்வேன் என்றேன். அக்கா அழுதாள். பிறகு தனக்கு லீவு போதவில்லை என்று என்னைத்தான் திட்டினாள்.

ஆபரேஷனோடு முடியாதாம். கழுத்து, மூட்டு, விழுங்குவது எல்லாவற்றையும் வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டுமாம். இந்த உடம்புக்கும் முதுமை உண்டு, அதற்குத் தயாராக வேண்டும் என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

ஏனென்றால், மலை மந்திர் சன்னதியில் நீங்கள் கண்ணை மூடி முணுமுணுப்பது எனக்குக் கேட்கும், அப்பா. "எனக்கு முந்தி இவன எடுத்துக்கிடு, முருகா." எனக்குக் கோபம் வந்ததில்லை. உங்களுக்குப் பின் என்னை யார் தூக்குவார்கள் என்ற பயம்தானே அது. நல்லவேளை, முருகன் காதில் வாங்கவில்லை.

இப்போது நான் வாக்குக் கொடுக்கிறேன். உங்கள் வயதைத் தாண்டுவேன். பல் விழுந்து, காது மந்தமாகி, அக்காவோடு தினமும் சண்டை போட்டு, முழுக் கிழவனாகித்தான் அங்கே வருவேன். அதுவரை எனக்காகக் காத்திருக்காதீர்கள்.

உங்களுக்குப் பின்னும் இருக்கிற உங்கள் மகன்,
சங்கரன்