பட்டன் அளவு நட்சத்திரங்கள்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை, போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று கடிதமாக எழுதுகிறேன். போன மாதம் இருபதாம் தேதி காலையில் பள்ளிக்கூட வேனை அங்கே கேட் வாசலில் திருப்பும்போது அப்பா வாட்ச்மேனை இடித்துவிட்டார். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாட்ச்மேனுக்குத்தான் கால் எலும்பு இரண்டாக உடைந்து இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவர்தான் குறுக்கே வந்தார் என்று அப்பா சாதித்தார். வாட்ச்மேனோ, "கையக் காட்டிக்கிட்டு நின்ன எடத்துலயே நின்னேன் சார், என்னையே பாத்துக்கிட்டுதானே வந்தீங்க" என்றாராம். அப்பா அதோடு அடங்கிப்போனார். பள்ளிக்கூடத்தில் சாவியை வாங்கிக்கொண்டு, போய்க் கண்ணைக் காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

சர்க்கரை இடது கண்ணைத் தின்றுவிட்டதாம். அது இனித் திரும்பாது, வலது கண்ணில் மிச்சமிருப்பதை ஊசி போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம், ஆறு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்றார் டாக்டரம்மா. அதற்கு அப்பா, "என் கண்ணு நல்லாத்தாங்க இருந்துச்சு. நான் வானத்துல எடுக்குற நெபுலா படத்தை, அந்த நட்சத்திரப் புகைய, பாத்துட்டு அவ்வளவு துல்லியமா இருக்குன்னு எம் பொண்ணு போன மாசங்கூடச் சொன்னாளே" என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை, கண்ணு. கேமராவுக்கு நீ அனுப்பிய வைட் ஆங்கிள் லென்ஸை வைத்துக்கொண்டு, கொல்லையில் என் துணிக்கொடியையெல்லாம் அவிழ்த்துப் போட்டுவிட்டு மனிதர் வானத்தைப் படம் பிடிக்க உட்கார்ந்த பிறகுதான் இந்த வீட்டில் சிரிப்புச் சத்தமே கேட்டது. முதலில் பொட்டுப்பொட்டாக விழுந்த நட்சத்திரங்கள் வரவர சட்டைப் பட்டன் அளவுக்கு வீங்கின. தைத்துப் பிழைக்கிறவள், எனக்கு ஊசிமுனை எது பட்டன் எது என்று தெரியாதா? தெரிந்தும் பிரமாதம் என்றேன். நீ தூரத்திலிருந்து சொன்னாய், நான் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னேன். முந்தாநாள் அப்பா என்னைக் கூப்பிட்டு லென்ஸ் வளையத்தைத் திருப்பச் சொன்னார். நட்சத்திரம் புள்ளியாகச் சுருங்கும்வரை திருப்பினேன். அறுபது படம் எடுத்து, அவர் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்தேன். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே இளஞ்சிவப்பில் ஒரு புகை வந்தது. சத்தியமாக நன்றாக வந்திருக்கிறது. சொன்னேன். திரையில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்துவிட்டு, "நெசமாவா, இல்ல வழக்கம்போலச் சொல்றியா?" என்றார். எத்தனை சத்தியம் செய்தும் "சரி சரி" என்று எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

அந்தப் படத்தை உனக்குப் போனில் அனுப்பியிருக்கிறேன். நல்லா இருக்குப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே, தாயே. பெரிதாக்கிப் பார். மூலைகளில் நட்சத்திரங்கள் இழுபட்டிருக்கின்றன, ஒரு பக்கம் தெருவிளக்கின் மஞ்சள் ஏறியிருக்கிறது. அதையெல்லாம் முதலில் சொல். அப்புறம் சொல்வதை ஒருவேளை நம்புவார்.

வேளைக்குச் சாப்பிடு. உனக்கும் சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடு, என்ன வந்தாலும் மறைக்காமல் எழுது. இருவரும் நோய்நொடி அண்டாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா